தூக்கக் கலக்கத்தில் ஸ்டீயரிங் பிடிப்பது: டிரைவர்களும் முதலாளிகளும் கேட்கும் கேள்விகள்

நான் பல வருடம் ட்ரிப் ஷீட் போடும் மேசையில் வேலை பார்த்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யார் ஓட்ட வேண்டும், எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. இப்போது அதே மாதிரி மேசைகளில் இருப்பவர்களிடமும் டிரைவர்களிடமும் சோர்வைப் பற்றிப் பேசுகிறேன். போகிற இடமெல்லாம் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரைவர் கண் அசந்து நடக்கும் பல விபத்துகள் முந்தின நாளே ஏதோ ஒரு மேசையில் எழுதப்பட்டுவிடுகின்றன.

இது லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு மட்டும்தானே?

இல்லை. ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி, மெஷின் ரிப்பேருக்கு ஓடும் சர்வீஸ் ஆள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ், பைக்கில் பார்சல் கொடுப்பவர், மீட்டிங் முடிந்து ராத்திரியோடு ராத்திரியாக 300 கிலோமீட்டர் திரும்பி வரும் மேனேஜர், எல்லோருக்கும் இது பொருந்தும். இவர்களுடைய பதவிப் பெயரில் 'டிரைவர்' என்ற வார்த்தை இருக்காது, அதனாலேயே இவர்கள் எத்தனை மணிநேரம் ஓட்டினார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. லாரி டிரைவருக்காவது லாக் புக் என்று ஒன்று இருக்கிறது. அந்த மேனேஜருக்கு அதுவும் கிடையாது. வேலைக்காக ஒருவர் வண்டியை எடுத்தால் அந்த ஓட்டமும் வேலைதான், அவ்வளவுதான் கணக்கு.

அசதி வேறு, தூக்கம் வேறு இல்லையா?

கொஞ்சம் வேறுதான். மூட்டை தூக்கிவிட்டு வந்த உடல் அசதி பத்து நிமிடம் உட்கார்ந்தால் குறையும். தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல் சேர்ந்துபோன தூக்கக் கடன் அப்படிக் குறையாது, தூங்கினால் மட்டும்தான் தீரும். வண்டி ஓட்டும் விஷயத்தில் நாம் பார்க்க வேண்டியவை நான்கு: கடைசியாக எத்தனை மணிநேரம் தூங்கினார், எழுந்து எத்தனை மணிநேரம் ஆகிறது, இப்போது கடிகாரத்தில் மணி என்ன, எவ்வளவு நேரமாக ஒரே மாதிரிச் சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பார்க்கின்றன. மற்ற மூன்றையும் கேட்பதே இல்லை.

ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர். குட்டித் தூக்கம் என்கிறோமே, மூளை சில நொடிகளுக்குத் தானாகவே அணைந்துபோவது, அது 4 நொடி நீடித்தால் 110 மீட்டருக்கு மேல் வண்டி ஆளில்லாமல் ஓடியிருக்கும். அந்த நேரத்தில் கண் மூடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண் திறந்தே இருக்கும், எதிரே இருப்பது உள்ளே பதியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விழித்திருக்கும் டிரைவர் கடைசி நொடியிலாவது பிரேக்கை மிதிப்பார், ஸ்டீயரிங்கைத் திருப்புவார், வேகம் கொஞ்சமாவது குறையும். தூங்கிப்போனவர் எதுவும் செய்யமாட்டார். அதனால்தான் இந்த விபத்துகளில் பலவற்றில் டயர் தேய்ந்த தடமே இருக்காது, முழு வேகத்தில் போய் மோதியிருக்கும். சாகிறவர்கள் அதிகமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

2001 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்தில் செல்பி நகரத்துக்குப் பக்கத்தில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் விடிகாலையில் வேலைக்குக் கிளம்பிய ஒருவர், டிரெய்லர் இழுத்துக்கொண்டு போன வண்டியில் கண் அசந்து, மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கீழே ரயில் தண்டவாளத்தில் போய் நின்றார். வேகமாக வந்த பயணிகள் ரயில் அதில் மோதித் தடம் புரண்டு, எதிரே வந்த சரக்கு ரயிலோடு மோதியது. 10 பேர் இறந்தார்கள். வண்டி ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார், சிறைக்குப் போனார். தான் தூங்கவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார்.

குடித்துவிட்டு ஓட்டுவது மாதிரி என்கிறார்களே, அது மிகைப்படுத்தல் இல்லையா?

அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1997-ல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரே ஆட்களை ஒருமுறை தூங்கவிடாமலும் இன்னொருமுறை மது கொடுத்தும் கை-கண் ஒருங்கிணைப்பைச் சோதித்தார்கள். தொடர்ந்து 17 மணிநேரம் விழித்திருந்தபோது திறமை குறைந்த அளவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்போது குறைவதற்குச் சமமாக இருந்தது. பல நாடுகளில் சட்டப்படி அதுவே எல்லை. 24 மணிநேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்கு அருகில் போய்விடுகிறது.

17 மணிநேரம் என்பது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியாது. காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி 10 மணியோடு அது முடிந்துவிடும். அந்த 10 மணிக்கு "இன்னும் ஒரே ஒரு டெலிவரி, முடித்துவிட்டு வந்துவிடு" என்று போன் போகும். போன் செய்தவர் அதே டிரைவர் குடித்திருந்தால் சாவியைப் பிடுங்கி வைத்திருப்பார்.

எந்த நேரத்தில் ஓட்டுவது ஆபத்து?

நடு இரவு தாண்டி விடிகாலை வரை, குறிப்பாக 2 மணியிலிருந்து 6 மணி வரை. அப்புறம் மதியம் 2 முதல் 4 வரை ஒரு சின்னச் சரிவு. சாப்பாட்டால்தான் மதியத் தூக்கம் என்று நினைக்கிறோம், சாப்பிடாவிட்டாலும் உடம்பின் உள்கடிகாரம் அந்த நேரத்தில் கொஞ்சம் இறங்கும். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் விடிகாலை 4 மணி என்பது 4 மணிதான், உடம்பு அந்த நேரத்தைத் தூங்குவதற்கென்றே வைத்திருக்கிறது. டிரைவர்கள் பலர் என்னிடம் சொன்னது, இருட்டில்கூடச் சமாளித்துவிடலாம், கிழக்கு வெளுக்கும் அந்த அரைமணி நேரம்தான் கண் செருகும் என்பது.

காபி குடித்தால், ஜன்னலைத் திறந்தால், பாட்டைச் சத்தமாக வைத்தால் சரியாகிவிடாதா?

ஜன்னலும் பாட்டும் சில நிமிடத்துக்கு மேல் உதவாது. இங்கிலாந்தில் லாஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து, குளிர்ந்த காற்றும் ரேடியோவும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்று கண்டுபிடித்தார்கள். கண்ணில் தண்ணீர் அடிப்பது, கன்னத்தில் தட்டிக்கொள்வது, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போவது எல்லாம் இதே ரகம்தான். உண்மையில் இவற்றைச் செய்ய வேண்டும் என்று கை போகிறதே, அதுதான் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

காபி உதவும், ஆனால் உடனே இல்லை. வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் சரியான வழி: பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள், சாலை ஓரத்தில் வேண்டாம், வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடமாகப் பாருங்கள். இரண்டு கப் காபி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து 15, 20 நிமிடம் கண்ணை மூடுங்கள், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழும்போது காபி வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். எழுந்த கையோடு கிளம்பாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், தூக்கம் முழுசாகக் கலையாத மந்தம் கொஞ்ச நேரம் இருக்கும். இது ஒரு மணிநேரம், மிஞ்சிப்போனால் இரண்டு மணிநேரம் வாங்கித் தரும். அந்த நேரத்தைப் படுக்க இடம் தேடுவதற்குப் பயன்படுத்த வேண்டும், மிச்ச 400 கிலோமீட்டரை முடிப்பதற்கு இல்லை.

எனக்கு இருபது வருட அனுபவம். குறைந்த தூக்கத்துக்கு உடம்பு பழகிவிட்டது.

பழகவில்லை. பழகிவிட்டது போன்ற நினைப்பு வந்திருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களை 14 நாள் தொடர்ந்து தினமும் 6 மணிநேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது, கடைசியில் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் அளவுக்குப் போய்விட்டது. ஆனால் "உங்களுக்கு எவ்வளவு தூக்கமாக இருக்கிறது" என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் பெரிதாக மாறவே இல்லை. திறமை இறங்கிக்கொண்டே போகிறது, இறங்குவது அவருக்குத் தெரியவில்லை.

அனுபவம் வளைவுகளை ஓட்டக் கற்றுக்கொடுக்கும், மழையில் ஓட்டக் கற்றுக்கொடுக்கும். தூங்கிக்கொண்டே ஓட்ட எந்த அனுபவமும் கற்றுக்கொடுக்காது. "நல்லா இருக்கியா, ஓட்டிடுவியா?" என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு அவர் "ஓட்டிடுவேன் சார்" என்றதை வைத்து வண்டியை அனுப்பும் பழக்கத்தை நான் எதிர்ப்பதற்கும் இதுதான் காரணம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாததைத்தான் நீங்கள் அவரிடம் கேட்கிறீர்கள்.

சட்டம் சொல்லும் மணிநேரத்துக்குள் இருந்தால் போதும்தானே?

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 153-வது உடன்படிக்கை, 1979-ல் வந்தது, இடைவெளி இல்லாமல் தொடர்ந்து 4 மணிநேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஒரு நாளைக்கு 9 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணிநேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளைக்கு 9 மணிநேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம், அடுத்தடுத்த இரண்டு வாரத்தையும் சேர்த்தால் 90 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் சரக்கு லாரி என்றால் 10 மணிநேர ஓய்வுக்குப் பிறகு வரும் 14 மணிநேரத்துக்குள் 11 மணிநேரம் ஓட்டலாம். இந்தியாவில் 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8, வாரத்துக்கு 48 என்று வரையறுத்தது. நாட்டுக்கு நாடு எண் மாறுகிறது. மனித மூளை மாறுவதில்லை.

இந்த எண்கள் எல்லாம் தாண்டக் கூடாத கோடுகள். கோட்டுக்கு உள்ளே இருந்தால் டிரைவர் விழித்திருக்கிறார் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 2014 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில் நடந்தது. சாலை வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்து மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் வந்த பெரிய லாரி ஒன்று ஒரு வேனில் மோதியது. ஒருவர் இறந்தார், பலருக்குப் பலத்த காயம். அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தெரியவந்தது: டிரைவர் டூட்டி ஆரம்பித்ததிலிருந்து பார்த்தால் அந்த 14 மணிநேரம் இன்னும் முடியவில்லை. ஆனால் டூட்டிக்கு வருவதற்கே அவர் ஜார்ஜியா மாநிலத்திலிருந்த தன் வீட்டிலிருந்து டெலவேர் வரை ராத்திரி முழுக்கத் தன் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். விபத்து நடந்தபோது அவர் விழித்து 28 மணிநேரம் ஆகியிருந்தது.

அவருடைய லாக் புக்கில் அந்த ராத்திரி 'ஓய்வு நேரம்'. காகிதத்தில் ஓய்வாக இருந்ததா, உடம்பில் ஓய்வாக இருந்ததா என்ற கேள்வியைத் தன் ஆட்களிடம் கேட்கும் நிறுவனம்தான் சட்டத்தின் நோக்கத்தைப் புரிந்துகொண்ட நிறுவனம். 10 மணிநேரம் ஓய்வு கொடுத்தோம் என்றால் அதில் வீட்டுக்குப் போக, வர, குளிக்க, சாப்பிட, பிள்ளையோடு கொஞ்சம் பேச என்று கழித்துப் பாருங்கள், தூக்கத்துக்கு மிஞ்சுவது 5 அல்லது 6 மணிநேரம்தான். அதுவும் பகலில், வெளிச்சத்தில், சத்தத்துக்கு நடுவில் என்றால் இன்னும் குறைவு.

ஓட்டுவது அவர். தூங்கியது அவர். முதலாளி எப்படிப் பொறுப்பு?

இந்தக் கேள்விதான் எல்லா இடத்திலும் வரும், பெரும்பாலும் கொஞ்சம் கோபமாகவே வரும்.

டிரைவருக்குப் பொறுப்பு உண்டு. ஓய்வு கொடுத்த நேரத்தில் தூங்காமல் வேறு வேலைக்குப் போவது, கண் செருகத் தொடங்கியபிறகும் ஓட்டுவது, இதற்கெல்லாம் அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டிரைவர் கையில் இல்லாதவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கிளம்பும் நேரம் அவர் முடிவு செய்தது இல்லை, போய்ச் சேரும் நேரமும் அப்படித்தான். லோடு ஏற்ற ஐந்து மணிநேரம் குடோன் வாசலில் காத்திருந்தாரே, அந்தக் காத்திருப்பு அவரால் வந்தது இல்லை, ஆனால் அந்த ஐந்து மணிநேரத்தை ராத்திரியில் ஓட்டி ஈடுகட்டச் சொல்வது அவரிடம்தான். எத்தனை டிரைவர் வேலைக்கு வேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை. இரண்டு பேர் செய்ய வேண்டிய ஓட்டத்தை ஒருவரிடம் கொடுத்தது யார்?

நானே கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும், ராத்திரி ட்ரிப் முடித்து ஒரு டிரைவர் கையெழுத்துப் போட வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பேனாவைப் பிடித்தார், கிலோமீட்டரை எழுதினார், அப்புறம் அதே எண்ணை அடுத்த கட்டத்திலும் எழுதினார். கையெழுத்துப் போடும்போது கடைசி எழுத்தின் கோடு நீண்டுகொண்டே போய், தாளை விட்டு இறங்கி, மேசை மேல் இருந்த கண்ணாடியில் ஏறிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, வரவேண்டிய ஆள் வரவில்லை என்பதால், அடுத்த ட்ரிப் ஷீட்டை அவரிடமே நீட்டினேன். "சின்ன ஓட்டம்தான் அண்ணே, போய்ட்டு வந்துடுங்க." அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மதியம் திரும்பி வந்தபோது இடதுபக்கக் கண்ணாடி இல்லை, கதவு முழுக்கக் கீறல். எங்கே உரசியது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. அந்தக் கண்ணாடி இருந்த உயரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. நிறுவனம் கண்ணாடிக்கு ஆன செலவை அவர் சம்பளத்தில் பிடித்தது. என் சம்பளத்தில் எதுவும் பிடிக்கவில்லை.

சட்டங்களும் மெதுவாக இந்தத் திசையில்தான் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிமுறை, டிரைவர் ஓட்டுநேரத்தை மீறினால் நிறுவனமும் பொறுப்பு என்கிறது. சரக்கு அனுப்புபவரும், சுற்றுலா ஏற்பாடு செய்பவரும்கூட அந்த நேரவரம்புக்குள் நடக்கக்கூடிய அட்டவணைக்குத்தான் ஒப்பந்தம் போட வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் இருக்கும் கனரக வாகனச் சட்டத்தில் 'பொறுப்புச் சங்கிலி' என்றே ஒன்று உண்டு. முதலாளி, சரக்கு அனுப்புபவர், லோடு ஏற்றுபவர் எல்லோரும் அந்தச் சங்கிலியில் வருகிறார்கள். நேர அட்டவணை போடுபவரும் வருகிறார். அதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. பிரிட்டனில் 1974-ம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் தொழிற்சாலைக்கு உள்ளே மாதிரியே சாலையில் செய்யும் வேலைக்கும் பொருந்தும்.

வண்டி அவருடைய சொந்த வண்டி. அவர் ஒப்பந்த ஆள். அப்போதுமா?

சட்டப்படி எவ்வளவு தூரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நியாயப்படி கேட்டால் என் பதில் ஆமாம். எப்போது எங்கே இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள் என்றால், அந்த முடிவால் வரும் சோர்வுக்கும் உங்களுக்கும் தொடர்பு இருக்கிறது. வண்டியின் ஆர்சி யார் பெயரில் என்பது டிரைவரின் தூக்கத்தைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை.

டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் நடந்தால்?

பல நாடுகளில் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணம் வேலை ஓட்டமாகக் கணக்கில் வராது. ஆபத்து மட்டும் கணக்குப் பார்க்காமல் வரும். 2005-ல் அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், 24 மணிநேரம் அல்லது அதற்கு மேல் நீண்ட டூட்டி முடித்து வீடு திரும்பும்போது விபத்தில் சிக்கும் வாய்ப்பு, சாதாரண டூட்டிக்குப் பிறகு இருப்பதைவிட 2 மடங்குக்கும் மேல் இருந்தது. மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் கிட்டத்தட்ட 6 மடங்கு.

ராத்திரி ஷிப்டை நீட்டிக்கச் சொன்னால் அந்த ஆளை வீட்டில் கொண்டுபோய் விடும் ஏற்பாட்டையும் அதே போனில் செய்யுங்கள். அல்லது படுத்துத் தூங்க ஒரு அறை கொடுங்கள், கட்டிலும் இருட்டும் அமைதியும் இருந்தால் போதும்.

ட்ரிப் கணக்கில் காசு கொடுத்தால்தான் வேலை நடக்கிறது. என்ன செய்வது?

அந்தக் கணக்குதான் டிரைவரை விழிக்க வைக்கிறது என்பது உண்மை. அதனாலேயே அது ஆபத்து. ஒரு ட்ரிப் கூட ஓட்டினால் இவ்வளவு, சீக்கிரம் சேர்ந்தால் இவ்வளவு என்று வைத்தால், தூங்குகிற ஒவ்வொரு மணிநேரமும் அவர் பையிலிருந்து போகும் காசாகிவிடுகிறது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர் என்ன முடிவெடுப்பார்? நான் மேலே சொன்ன ஐரோப்பிய விதிமுறையின் 10-வது பிரிவு, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் தூரத்தையோ வேகத்தையோ சரக்கின் அளவையோ வைத்து டிரைவருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்கிறது. சம்பளத்தின் பெரும்பகுதி நிலையாக இருக்கட்டும், காத்திருக்கும் நேரத்துக்கும் காசு கொடுங்கள். குறிப்பாக இந்தக் காத்திருப்பு. அதற்குக் காசு கொடுக்க ஆரம்பித்த மறுநாளே குடோனில் ஏன் இவ்வளவு தாமதம் என்று நிறுவனம் விசாரிக்கத் தொடங்கிவிடும்.

நான் டிரைவர். தூக்கமாக இருக்கிறது என்று சொன்னால் வேலை போய்விடுமே?

உங்கள் பயம் நியாயமானது, அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. செய்யக்கூடியது சில உண்டு. தூக்கம் வந்தபிறகு சொல்வதைவிட ட்ரிப் கொடுக்கும்போதே சொல்வது எளிது: "நேற்று டூட்டி முடிய ராத்திரி 1 மணி ஆச்சு, 4 மணிநேரம்தான் தூங்கினேன், இன்னும் கொஞ்சம் தூங்கிவிட்டு 10 மணிக்குக் கிளம்பினால் ஓட்டிடுவேன்." மணிநேரத்தோடு சொல்லுங்கள். 'முடியவில்லை' என்று சொன்னால் சாக்கு என்பார்கள், எண்ணைச் சொன்னால் மறுப்பது கஷ்டம். வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள், எழுத்தில் இருக்கட்டும். தனியாகச் சொல்லத் தயங்கினால் சங்கம் மூலமாகவோ நான்கைந்து பேர் சேர்ந்தோ பேசுங்கள்.

வழியில் இருக்கும்போது, கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று ஞாபகம் இல்லையென்றால், கோட்டை விட்டு விலகி விலகித் திருத்துகிறீர்கள் என்றால், தலை ஒருமுறை சட்டென்று தொங்கி எழுந்தது என்றால், அதற்கப்புறம் யோசிக்க எதுவும் இல்லை. அடுத்த பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் போன் செய்யலாம்.

முதலாளிக்கு ஒரு வார்த்தை: அப்படி நிறுத்திய முதல் டிரைவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரைத் திட்டினால், இனி ஒருவரும் நிறுத்தமாட்டார்.

குறட்டை விடுபவரை ஓட்ட விடலாமா?

வெறும் குறட்டை பிரச்சினை இல்லை. குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால், 8 மணிநேரம் படுத்தும் காலையில் தலை பாரமாக எழுந்தால், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் மூடினால், தூக்கத்தில் மூச்சுத்திணறும் நோயாக இருக்கலாம். ராத்திரி முழுக்க அவருக்கே தெரியாமல் தூக்கம் உடைந்துகொண்டே இருக்கும். நல்ல செய்தி, இதற்கு சிகிச்சை உண்டு. முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் ஒரு கருவி இருக்கிறது, ஒழுங்காகப் பயன்படுத்துபவர்கள் பலர் பழையபடி ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் ஓட்டுநர் உரிமத்துக்கான மருத்துவ விதிகளிலேயே இதைச் சேர்த்தது. பரிசோதனைக்குப் போனால் வேலை போகும் என்று நினைத்தால் ஒருவரும் போகமாட்டார்கள், அதனால் சிகிச்சைக் காலத்தில் வேறு வேலை, அதே சம்பளம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சளி, அலர்ஜிக்குப் போடும் பழைய மாத்திரைகள் சில கடுமையாகத் தூக்கம் வரவைக்கும், வாங்கும்போது "வண்டி ஓட்டுவேன்" என்று சொல்லி வாங்குங்கள்.

கேமரா, அலாரம் எல்லாம் வந்துவிட்டதே?

வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் புது கார், வேன், லாரி, பஸ் எல்லாவற்றிலும் டிரைவரின் தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் வசதி கட்டாயம். வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் அது கத்தும்போது டிரைவர் ஏற்கெனவே தூங்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். ராத்திரி மூன்று முறை அலாரம் அடித்த வண்டிக்கு மறுநாளும் அதே அட்டவணையைக் கொடுத்தால் அந்தக் கருவியை வாங்கி என்ன பயன்? அந்தப் பதிவை டிரைவரைத் தண்டிக்கப் பயன்படுத்தாதீர்கள், அட்டவணையைத் திருத்தப் பயன்படுத்துங்கள்.

என்னிடம் மூன்று வண்டிதான். பெரிய கம்பெனி மாதிரி எல்லாம் செய்ய முடியாது.

செய்ய வேண்டாம். ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ட்ரிப்புக்கு முன்பும் கடைசி 24 மணிநேரத்தில் எவ்வளவு தூங்கினார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்டு எழுதுங்கள். ட்ரிப் முடியும்போது அவர் விழித்து எத்தனை மணிநேரம் ஆகியிருக்கும் என்று கூட்டிப் பாருங்கள், 16-ஐத் தாண்டினால் ஆளை மாற்றுங்கள் அல்லது கிளம்பும் நேரத்தைத் தள்ளுங்கள். தூங்கியது 5 மணிநேரத்துக்குக் கீழே என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரிடம் 'எட்டு மணிக்கு வந்துவிடும்' என்று வாக்குக் கொடுக்கும் முன், வழியில் நிறுத்தவேண்டிய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது "எங்கே இருக்கிறாய்" என்று போன் செய்யாதீர்கள், ஜிபிஎஸ் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் அவர் நிறுத்தும் நேரத்தில் அவரே கூப்பிடட்டும்.

இதனால் சில ஆர்டர் கைவிட்டுப் போகலாம். போகட்டும் என்றுதான் சொல்வேன்.

விபத்து நடந்துவிட்டது. விசாரிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டிரைவரிடம் "தூங்கிட்டியா?" என்று கேட்பதோடு முடித்துவிடாதீர்கள். அவருக்கு ஞாபகம் இருக்காது, இருந்தாலும் பயத்தில் சொல்லமாட்டார். விபத்து நேரத்திலிருந்து பின்னோக்கி 72 மணிநேரத்தை ஒரு தாளில் கட்டம் போட்டு நிரப்புங்கள்: எப்போது தூங்கினார், எங்கே தூங்கினார், வண்டியிலா வீட்டிலா, எப்போது எழுந்தார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், அலுவலகத்திலிருந்து எத்தனை போன் போனது, அவற்றில் அவசரப்படுத்தியவை எத்தனை. டயர் தடம் இருந்ததா, நேர் சாலையா, மணி என்ன, வண்டியில் அவர் மட்டும்தானா என்பதையும் சேருங்கள். அப்புறம் அந்த 72 மணிநேரத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு ட்ரிப் ஷீட்டையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், ஒவ்வொன்றின் கீழும் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள், அவர்களையும் உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேளுங்கள்.